கல்லூரியில் படித்துக்கொண்டே குடிமைப் பணித் தேர்வுக்குத் தயாராவது எப்படி?

மத்தியத் தேர்வாணையமான யூ.பி.எஸ்.சி. நடத்தும் குடிமைப் பணித் தேர்வைக் குறிவைத்துக் கல்லூரியில் சேர்ந்திருக்கும் மாணவர்களுக்காக, குறிப்பாக வீட்டிலோ சுற்றத்திலோ வழிகாட்ட ஆளில்லாத முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்காக, இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். இத்தேர்வைக் கல்லூரி நாட்களிலேயே தொடங்கி எழுதியவன் என்ற முறையில் ஒன்றை உறுதியாகச் சொல்ல முடியும். ஆறு மாதத்தில் மனப்பாடம் செய்துவிடக்கூடிய பகுதிகள் இத்தேர்வில் உண்டு; எத்தனை பணம் கொடுத்தாலும் ஆறு மாதத்தில் வராத பகுதிகளும் உண்டு. ஆங்கிலத்தில் சரளமாக வாசிப்பது, நேரத்துக்குள் விடை எழுதுவது, கணக்கு, விருப்பப் பாடத்தில் ஆழம், சான்றிதழ்களின் ஒழுங்கு ஆகியவை இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. கல்லூரிக் காலத்தை இவற்றுக்குத்தான் செலவிட வேண்டும். கீழே உள்ள படிகளை அந்த எண்ணத்தில்தான் வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

1. வயதையும் வாய்ப்புகளையும் முதலில் கணக்கிடுங்கள்

தேர்வு நடக்கும் ஆண்டின் ஆகஸ்ட் 1ஆம் தேதி உங்களுக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். பொதுப் பிரிவினருக்கு 32 வயது நிறைந்திருக்கக் கூடாது. ஓ.பி.சி. பிரிவினருக்கு 3 ஆண்டும், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 5 ஆண்டும் உச்ச வயதில் தளர்வு உண்டு.

மூன்றாண்டுப் பட்டப் படிப்பு மாணவர்கள் பலர் தடுக்கி விழுவது கீழ் வயது வரம்பில்தான். 2005 அக்டோபரில் பிறந்து, 2023இல் பிளஸ் 2 முடித்து, 2026 மே மாதம் பி.ஏ. முடிக்கும் ஒருவருக்கு 2026 ஆகஸ்ட் 1 அன்று 20 வயதுதான். இறுதியாண்டு மாணவர் விண்ணப்பிக்கலாம் என்று எல்லோரும் சொல்வார்கள், அது உண்மையும்கூட. ஆனால் இவர் 2027ஆம் ஆண்டுத் தேர்வைத்தான் எழுத முடியும். நான்காண்டுப் பொறியியல் மாணவர்களுக்குப் பெரும்பாலும் இந்தச் சிக்கல் வராது. உங்கள் முதல் தேர்வு எந்த ஆண்டில் வருகிறது என்பதை இன்றே எழுதி மேசைமேல் ஒட்டிவையுங்கள். மீதித் திட்டம் முழுவதும் அந்த ஆண்டிலிருந்து பின்னோக்கித்தான் போடப்பட வேண்டும்.

வாய்ப்புகளுக்கும் எல்லை உண்டு. பொதுப் பிரிவினருக்கு 6, ஓ.பி.சி.க்கு 9, எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு வயது வரம்பு வரை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். விண்ணப்பித்துவிட்டுத் தேர்வுக்குப் போகாவிட்டால் வாய்ப்பு குறையாது. ஆனால் முதல்நிலைத் தேர்வின் இரண்டு தாள்களில் ஒன்றை எழுதினாலும் ஒரு வாய்ப்பு கழிந்துவிடும். 'சும்மா ஒரு தடவை எழுதிப் பார்' என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்டு, பாடத்திட்டத்தில் பாதியைக்கூடத் தொடாமல் தேர்வறைக்குள் போக வேண்டாம். தேர்வு அனுபவம் வேண்டுமென்றால் பழைய வினாத்தாளை எடுத்து, ஞாயிற்றுக்கிழமை காலை 9.30 மணிக்கு ஒரு நூலகத்தில் உட்கார்ந்து எழுதுங்கள்.

2. எல்லா ஆவணங்களிலும் ஒரே பெயர் இருக்கட்டும்

நம் ஊரில் பெயருக்கு முன்போ பின்போ தலைப்பெழுத்து வருவதால் உண்டாகும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'கார்த்திகேயன் மு' என்று இருக்கும். ஆதாரில் 'கார்த்திகேயன் முருகன்' என்று இருக்கும். சாதிச் சான்றிதழில் 'மு. கார்த்திகேயன்' என்றும், கல்லூரி அடையாள அட்டையில் எழுத்துப் பிழையோடு வேறு விதமாகவும் இருக்கும். பிறந்த தேதிக்குத் தேர்வாணையம் ஏற்கும் அடிப்படை ஆவணம் பத்தாம் வகுப்புச் சான்றிதழ்தான். ஆகவே அதில் உள்ள பெயரையும் தேதியையும் அச்சாக வைத்துக்கொண்டு மற்ற ஆவணங்களை அதற்கேற்பத் திருத்துவதே எளிது.

முதல் ஆண்டு விடுமுறையில் இந்த வேலையை முடித்துவிடுங்கள். ஆதாரில் பெயர் திருத்தம் செய்யச் சேவை மையத்தில் சிறு கட்டணம்தான் ஆகும். சான்றிதழிலேயே பிழை இருந்தால் பள்ளித் தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். பெயரையே மாற்றியிருப்பவர்கள் அரசிதழ் வெளியீட்டைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். கல்லூரியின் தேர்வுப் பிரிவில் உங்கள் பெயர் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்பதையும் முதல் பருவத் தேர்வின் ஹால் டிக்கெட் வரும்போதே எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பட்டச் சான்றிதழ் அச்சாகி வந்தபின் திருத்துவது பெரும்பாடு.

3. ஓ.பி.சி. சான்றிதழ் வேறு, சாதிச் சான்றிதழ் வேறு

தமிழ்நாட்டில் பி.சி., எம்.பி.சி. பிரிவினரிடம் இருக்கும் நிரந்தரச் சாதிச் சான்றிதழ் மாநிலத் தேர்வுகளுக்கும் கல்லூரிச் சேர்க்கைக்கும் போதும். மத்தியத் தேர்வாணையத்துக்கு அது செல்லாது. மத்திய அரசின் படிவத்தில், வளமான பிரிவை (கிரீமி லேயர்) சேர்ந்தவர் அல்லர் என்று குறிப்பிட்டு வழங்கப்படும் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வேண்டும். இதில் மூன்று இடங்களில் கவனம் தேவை.

மாநிலப் பட்டியலில் உள்ள எல்லாச் சாதிகளும் மத்தியப் பட்டியலில் இல்லை. தேசியப் பிற்படுத்தப்பட்டோர் ஆணையத்தின் இணையதளத்தில் தமிழ்நாட்டுக்கான பட்டியலை எடுத்து, உங்கள் சாதியின் பெயர் உங்கள் சான்றிதழில் உள்ளபடியே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வயதுத் தளர்வும் கூடுதல் வாய்ப்புகளும் கிடைக்காது. திட்டத்தையே மாற்ற வேண்டிவரும்.

அடுத்தது, சான்றிதழின் தேதி. 2025ஆம் ஆண்டுத் தேர்வுக்கு 2021-22, 2022-23, 2023-24 ஆகிய மூன்று நிதியாண்டுகளின் வருமானத்தை வைத்து, 2024 ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பிறகோ, ஆனால் விண்ணப்பம் முடியும் கடைசி நாளுக்குள் வாங்கிய சான்றிதழைத்தான் கேட்டார்கள். அதாவது, முதலாண்டில் வாங்கி வைத்த சான்றிதழ் இறுதியாண்டில் பயன்படாது. தேர்வு எழுதும் ஒவ்வொரு ஆண்டுக்கும் புதிதாக வாங்க வேண்டும். பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான சான்றிதழுக்கும் இப்படித் தேதிக் கட்டுப்பாடு உண்டு.

மூன்றாவது, வாங்கும் நேரம். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம். சாதிச் சான்றிதழ், ஆதார், குடும்ப அட்டை, பெற்றோரின் வருமானத்துக்கான ஆவணம், புகைப்படம் ஆகியவற்றின் அசலையே எடுத்துச் செல்லுங்கள். அங்கேயே ஸ்கேன் செய்வார்கள். குடிமக்கள் கணக்கு எண் இல்லாதவர்களுக்கு முதலில் அதைப் பதிவு செய்து தருவார்கள். அதற்கு வரும் ஓ.டி.பி. உங்கள் கைப்பேசிக்கு வருமாறு எண்ணைக் கொடுங்கள், கடைக்காரரின் எண்ணைக் கொடுக்க விடாதீர்கள். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாக வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போகும். தேர்வு அறிவிக்கை வந்தபின் ஜனவரியில் ஓடினால், பொங்கல் விடுமுறையும் மற்ற விண்ணப்பங்களின் கூட்டமும் சேர்ந்து இழுத்துவிடும். முந்தைய ஆண்டு ஜூன், ஜூலை மாதங்களிலேயே வாங்கிவிடுவது நல்லது. கையில் வந்ததும் நிதியாண்டுகள் சரியாக அச்சிடப்பட்டுள்ளனவா என்று அங்கேயே படித்துப் பாருங்கள்.

4. தேர்வின் அமைப்பைக் கையால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

முதல்நிலைத் தேர்வில் இரண்டு தாள்கள். பொது அறிவுத் தாளில் 100 கேள்விகள், 200 மதிப்பெண். சி-சாட் எனப்படும் திறனறித் தாளில் 80 கேள்விகள், 200 மதிப்பெண். இதில் 33 விழுக்காடு எடுத்தால் போதும், தரவரிசைக்கு இது சேராது. இரண்டுக்கும் தலா 2 மணி நேரம். தவறான விடைக்கு அக்கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழியும். கேள்விகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருக்கும்.

முதன்மைத் தேர்வில் 9 தாள்கள். ஒரு இந்திய மொழித் தாளும் ஆங்கிலத் தாளும் தலா 300 மதிப்பெண்; இரண்டிலும் 25 விழுக்காடு எடுத்துத் தேறினால் போதும். கட்டுரை ஒன்று, பொது அறிவு நான்கு, விருப்பப் பாடம் இரண்டு என்று மீதி 7 தாள்களும் தலா 250 வீதம் 1,750 மதிப்பெண். நேர்முகத் தேர்வுக்கு 275. ஆக 2,025. முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம். ஆனால் ஆங்கிலத் தகுதித் தாளிலிருந்து விலக்கு கிடையாது.

5. முதல் ஆண்டு: ஆங்கில வாசிப்பு, பள்ளிப் பாடநூல்கள், கணக்கு

தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு முதல்நிலைத் தேர்வின் முதல் தடை பாடமல்ல, கேள்வியின் ஆங்கிலம். 'பின்வரும் கூற்றுகளில் எவை சரியானவை' என்ற வகைக் கேள்விகளில் ஒரே ஒரு சொல் விடையைத் திருப்பிவிடும். ஆகவே முதல் நாளிலிருந்தே ஒரு தேசிய ஆங்கில நாளேட்டை எடுத்து, தலையங்கப் பக்கத்தில் ஒரே ஒரு கட்டுரையை மட்டும் முழுமையாக வாசியுங்கள். தொடக்கத்தில் ஒரு மணி நேரம் பிடிக்கும். வாசித்தபின் நாளேட்டை மூடிவைத்து, கட்டுரை எதைப் பற்றியது, எழுதியவரின் வாதம் என்ன, மறுவாதம் என்னவாக இருக்கலாம் என்று ஐந்து வரிகள் எழுதுங்கள். நாளேட்டின் எல்லாப் பக்கங்களையும் கோடு போட்டுப் படிப்பதில் மூன்று மணி நேரம் கழிப்பவர்கள் ஆறு மாதத்தில் சலித்து விட்டுவிடுகிறார்கள்.

பாடத்துக்கு 6 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான என்.சி.இ.ஆர்.டி. வரலாறு, புவியியல், அரசியல், பொருளாதார நூல்கள் போதும். எல்லாமே பி.டி.எஃப். வடிவில் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ்நாடு அரசின் சமச்சீர்ப் பாடநூல்களையும் இணையத்தில் எடுக்கலாம். ஆங்கிலத்தில் புரியாத புவியியல் கருத்தை முதலில் தமிழ்ப் பாடநூலில் படித்துவிட்டு ஆங்கில நூலுக்குத் திரும்பினால் வேகம் கூடும். இந்த நூல்களிலிருந்து குறிப்பு எடுக்க வேண்டாம். முதல் முறை கதைபோல வாசியுங்கள். இரண்டாம் முறை வாசிக்கும்போதுதான் எது குறிப்புக்கு உரியது என்பது தெரியும்.

கலைப் பாடம் படிப்பவர்கள் சி-சாட் தாளை 'தகுதித் தாள்தானே' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். பொது அறிவுத் தாளில் நல்ல மதிப்பெண் எடுத்தும் இத்தாளால் வெளியேறுபவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். ஒரு கேள்விக்கு 2.5 மதிப்பெண். 30 சரியாகவும் 9 தவறாகவும் இருந்தால் 67.5 கிடைத்துத் தப்பலாம். அதே 30 சரி, 12 தவறு என்றால் தேற முடியாது. சதவீதம், விகிதம், காலமும் வேலையும், எண்களின் பண்புகள், வரிசை மாற்றங்கள் ஆகியவற்றில் வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு முக்கால் மணி நேரம் என்று முதலாண்டிலேயே தொடங்குங்கள். கணக்கு அச்சம் உள்ளவர்களுக்கு நான் தரக்கூடிய மிகப் பயனுள்ள யோசனை இதுதான்.

6. இரண்டாம் ஆண்டு: விருப்பப் பாடமும் விடை எழுதும் பழக்கமும்

விருப்பப் பாடத்துக்கு 500 மதிப்பெண். கல்லூரியில் படிக்கும் பாடமே பட்டியலில் இருந்தால், அதில் உங்களுக்கு உண்மையான ஈடுபாடும் இருந்தால், வேறெங்கும் தேட வேண்டாம்; பருவத் தேர்வுக்கான படிப்பும் இதற்கான படிப்பும் ஒன்றாகிவிடும். 'இந்தப் பாடத்துக்கு மதிப்பெண் போடுகிறார்கள்' என்ற பேச்சு ஆண்டுக்கு ஆண்டு மாறும். பாடத்திட்டத்தைப் பதிவிறக்கி, ஐந்து ஆண்டு வினாத்தாள்களைப் பக்கத்தில் வைத்து, படித்தால் எழுத முடியும் என்று தோன்றும் கேள்விகளை எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கை மற்றவர்களின் அறிவுரையைவிட நம்பகமானது.

தமிழ் இலக்கியத்தை விருப்பப் பாடமாக எடுப்பவர்கள் மற்றத் தாள்களை ஆங்கிலத்தில் எழுதவும் தடையில்லை. ஆனால் தாய்மொழி என்பதால் எளிது என்று நினைத்து எடுக்க வேண்டாம். குறுந்தொகையின் முதல் 25 பாடல்கள், சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டம் என்று பாடத்திட்டம் துல்லியமாக வரையறுத்திருக்கிறது. மூலப் பாடலை மேற்கோள் காட்டாமல் பொதுவாகப் புகழ்ந்து எழுதும் விடைகள் எடுபடுவதில்லை.

விடை எழுதும் பயிற்சியை இரண்டாம் ஆண்டுக்குமேல் தள்ளக் கூடாது. பொது அறிவின் முதல் மூன்று தாள்களில் தலா 20 கேள்விகள்: 10 மதிப்பெண்ணுக்கு 150 சொற்கள், 15 மதிப்பெண்ணுக்கு 250 சொற்கள். 3 மணி நேரத்தைப் பங்கிட்டால் சிறிய கேள்விக்கு 7 நிமிடம், பெரியதற்கு 11 நிமிடம். கல்லூரித் தேர்வில் கூடுதல் தாள் வாங்கி நிரப்பிப் பழகிய கைக்கு இந்த அளவு மிகவும் கடினமாக இருக்கும். வாரத்துக்கு நான்கு விடைகள் போதும். கோடிட்ட தாளில், கடிகாரத்தை எதிரில் வைத்து எழுதுங்கள். முதல் நிமிடம் கேள்வியில் உள்ள ஏவல் சொல்லுக்கு. 'விவாதி' என்றால் இரு பக்கமும் வேண்டும், 'காரணங்களைக் கூறு' என்றால் வேண்டாம். எழுதியதை உங்களோடு படிக்கும் நண்பர் ஒருவரிடம் கொடுத்து, கேள்வியை மறைத்துவிட்டு, 'இது எந்தக் கேள்விக்கான விடை?' என்று கேளுங்கள். அவரால் கேள்வியை ஊகிக்க முடியவில்லையென்றால் விடை கேள்வியை விட்டு விலகியிருக்கிறது என்று பொருள்.

7. செலவு

விண்ணப்பக் கட்டணம் மிகக் குறைவு. முதல்நிலைத் தேர்வுக்கு 100 ரூபாய், பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், மாற்றுத்திறனாளிகள் கட்டத் தேவையில்லை. பணம் கரைவது பயிற்சி நிறுவனங்களில்தான். சென்னை அண்ணா நகரிலும் டெல்லியிலும் முழுப் பயிற்சிக்குக் கட்டணம் லட்சத்தைத் தாண்டும். அதோடு விடுதி, உணவு. கல்லூரியில் படிக்கும்போதே மூன்றாண்டு ஒருங்கிணைந்த பயிற்சி என்று முன்பணம் கேட்பவர்களிடம், பாதியில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம். இலவச அறிமுக வகுப்புக்கு வந்த பெற்றோரிடம் அன்றே கையெழுத்துக் கேட்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

அரசு தரும் உதவிகள் பலருக்குத் தெரிவதில்லை. சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் உள்ள அகில இந்தியக் குடிமைப் பணித் தேர்வுப் பயிற்சி மையம் நுழைவுத் தேர்வு வைத்து இலவசப் பயிற்சி அளிக்கிறது. கோவையிலும் மதுரையிலும் அரசுப் பயிற்சி மையங்கள் உண்டு. நான் முதல்வன் திட்டத்தில், தேர்வு மூலம் 1,000 பேரைத் தேர்ந்தெடுத்து, முதல்நிலைத் தேர்வுக்குத் தயாராக மாதம் 7,500 ரூபாய் வீதம் 10 மாதங்களுக்கு வழங்குகிறார்கள். முதல்நிலையில் தேறியவர்களுக்கு 25,000 ரூபாய் ஊக்கத்தொகை உண்டு. இவற்றின் தகுதி நிபந்தனைகளை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் படித்துப் பட்டம் முடியும் காலத்துக்கேற்ப விண்ணப்பியுங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் இயங்கும் தன்னார்வப் பயிலும் வட்டங்களில் மாநிலத் தேர்வுகளுக்கான வகுப்புகள் இலவசம். படிக்க இடமில்லாதவர்களுக்கு மாவட்ட மைய நூலகம், கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகம் ஆகியவை இருக்கின்றன.

நீங்கள் கட்டாயம் செலவழிக்க வேண்டியது இரண்டுக்குத்தான்: நாளேடு, இறுதியாண்டில் ஒரு நல்ல மாதிரித் தேர்வுத் தொடர்.

8. மாநிலத் தேர்வுகளை எங்கே பொருத்துவது?

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும், பெரும்பாலான பதவிகளுக்கு 18 வயதும் போதும் என்பதால் கல்லூரியில் படிக்கும்போதே எழுதலாம். கிராம நிர்வாக அலுவலர் போன்ற பதவிகளுக்கு மட்டும் 21 வயது வேண்டும். 200 கேள்விகளில் 100 தமிழ். அதில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மீதிப் பகுதி திருத்தப்படாது. தேர்வாணைய இணையதளத்தில் செய்யும் ஒருமுறைப் பதிவுக்குக் கட்டணம் 150 ரூபாய், 5 ஆண்டுக்குச் செல்லும். குடும்பச் சூழல் காரணமாகப் பட்டம் முடிந்ததும் வருமானம் வேண்டும் என்றிருப்பவர்கள் இதைத் தயங்காமல் எழுத வேண்டும். வேலையில் இருந்துகொண்டு மேல் தேர்வுகளுக்குப் படிப்பது பலருக்கு மன அமைதி தருகிறது.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநிலத் தேர்வுகளில் 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. அதற்கு முதல் வகுப்பிலிருந்து அப்பதவிக்குரிய கல்வித் தகுதி வரை தமிழ் வழியில் படித்ததற்கான சான்றிதழைப் படித்த ஒவ்வொரு பள்ளியிலும் வாங்க வேண்டும். தொடக்கப் பள்ளி மூடப்பட்டிருந்தாலோ தலைமையாசிரியர் மாறியிருந்தாலோ அலைச்சல் அதிகம். கோடை விடுமுறையில் பள்ளிகள் மூடியிருக்கும் என்பதால் ஜூன் இறுதியில் போய் வாங்குங்கள்.

விடைத்தாளில் ஒரு வேறுபாட்டை மறக்க வேண்டாம். மத்தியத் தேர்வில் தெரியாத கேள்வியை விட்டுவிட வேண்டும். மாநிலத் தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் கழியாது, விடை தெரியாவிட்டால் அதற்கென உள்ள 'E' வட்டத்தைக் கருமையாக்க வேண்டும்.

9. இறுதியாண்டு: ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை

குடிமைப் பணித் தேர்வின் அறிவிக்கை பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில் வரும். வந்த நாளே அதை முழுவதும் வாசியுங்கள். சுருக்கிச் சொல்லும் காணொளிகளை நம்பி விண்ணப்பிக்க வேண்டாம். புகைப்படம், கையெழுத்து, அடையாள அட்டை ஆகியவற்றைக் கேட்கப்பட்ட அளவில் முன்கூட்டியே தயாராக வைத்து, முதல் வாரத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள். பெரும்பாலான மையங்களில் இடம் முதலில் விண்ணப்பித்தவருக்கு முதலில் என்ற முறையில் நிரம்பும்.

மே மாத இறுதியில் முதல்நிலைத் தேர்வு. ஏப்ரல், மே மாதங்களில் உங்கள் கடைசிப் பருவத் தேர்வு. இந்த மோதலைத் தவிர்க்க முடியாது, முன்கூட்டி இடம் ஒதுக்கத்தான் முடியும். பொது அறிவுப் பாடங்களின் முதல் சுற்றைப் பிப்ரவரிக்குள் முடித்துவிட்டு, மார்ச்சில் வாரம் இரண்டு மாதிரித் தேர்வு எழுதுங்கள். ஏப்ரலில் கல்லூரிப் பாடத்துக்கு முன்னுரிமை கொடுங்கள். ப்ராஜெக்ட், செய்முறைத் தேர்வு, வருகைப்பதிவு ஆகியவற்றில் எதையும் கடைசி மாதத்துக்கு வைக்கக் கூடாது.

இதைவிட முக்கியமானது அரியர். இறுதியாண்டு மாணவராக முதல்நிலைத் தேர்வை எழுதலாம். ஆனால் தேறியபின், முதன்மைத் தேர்வுக்கான விரிவான விண்ணப்பத்தோடு பட்டம் பெற்றதற்கான சான்றைக் கொடுக்க வேண்டும். அந்தச் சான்றின் தேதி இந்த விரிவான விண்ணப்பம் முடியும் நாளுக்கு முந்தியதாக இருக்க வேண்டும். முதல்நிலை முடிவு ஜூன் மாதத்தில் வந்தவுடன் சில நாட்களே அவகாசம் தருவார்கள். ஒரே ஒரு தாள் அரியராக நின்றாலும் அந்த ஆண்டு போய்விடும். ஆகவே நான்காம் பருவத்துக்குப் பிறகு எந்த அரியரையும் அடுத்த பருவத்துக்குச் சுமந்து செல்லாதீர்கள். பல்கலைக்கழகத்தின் தேர்வு முடிவு கடந்த ஆண்டு எந்தத் தேதியில் வந்தது, தற்காலிகச் சான்றிதழுக்கு எத்தனை நாள் ஆனது என்பதை மூத்த மாணவர்களிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முடிவு வந்த அன்றே கல்லூரி அலுவலகத்தில் தற்காலிகச் சான்றிதழுக்கும் ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியலுக்கும் விண்ணப்பியுங்கள். நூலகம், விடுதி, ஆய்வகம் ஆகியவற்றின் பாக்கியின்மைச் சான்றுகளை மே மாதமே வாங்கி வைத்திருந்தால் அலுவலகத்தில் தடை வராது.

2025இல் மே 25 அன்று முதல்நிலைத் தேர்வும், ஆகஸ்ட் 22 அன்று முதன்மைத் தேர்வின் தொடக்கமும் அமைந்தன. இடையில் மூன்று மாதம்கூட இல்லை. ஆகவே முதல்நிலைத் தேர்வு முடிந்து வீட்டுக்கு வந்ததும் விடைக் குறிப்புகளை ஒப்பிட்டுப் பார்ப்பதில் ஒரு நாளுக்குமேல் செலவிடாமல், மறுவாரமே விருப்பப் பாடத்தின் முதல் தாளை எடுத்து, நாளொன்றுக்கு மூன்று விடை என்று எழுதத் தொடங்குங்கள். முடிவு சாதகமாக வராவிட்டாலும் அந்த விடைகள் அடுத்த ஆண்டுக்கு ஆகும்.